எதிரெதிரே இரண்டு குழிகள்

இன்று காலை அடுத்த அறையிலிருந்த அம்மாவின் கைப்பேசியிலிருந்து, ஊருக்கு வந்திருக்கும் எனக்கு ஒரு செய்தி வந்தது: 'வீட்டுத் தண்ணீரைச் சேமிக்கப் பத்து வழிகள்.' அம்மாவுக்கு அதை அனுப்பியவர் எதிர்வீட்டு முத்துலட்சுமி அத்தை. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு ஆட்டோ போகும் அகலத்துக்குத்தான் தெரு. அதைக் கடக்க அந்தச் செய்தி எந்தெந்தக் கோபுரங்களைச் சுற்றி வந்ததோ, பாவம்.

முதல் வழி: பல் துலக்கும்போது குழாயை மூடி வையுங்கள். அருமையான யோசனை. கோவில்பட்டியில் வளர்ந்த எனக்கு, பல் துலக்கும்போது திறந்துவிட ஒரு குழாய் இருக்கும் என்பதே சிவில் படிக்கப் போன கல்லூரி விடுதியில்தான் தெரிந்தது.

எங்கள் வீட்டில் குழாயை மூடவே கூடாது. தண்ணீர் என்றைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் திறந்தே கிடக்கும். முதலில் 'புஸ்' என்று காற்று வரும். அடுத்து ஈரத் துருவின் வாசனை, பிறகு ஒரு இருமல். கடைசியாகத்தான் தண்ணீர். வாசனை வந்ததுமே அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடுவாள். இப்போதும் புதுக் கட்டடத்தில் குழாயைச் சோதிக்கும்போது அந்த வாசனை வந்தால் என் கை தானாகக் குடத்தைத் தேடும். "என்ன மேடம் தேடுதீங்க?" என்பார் கொத்தனார். என்னத்தைச் சொல்ல?

இரண்டாவது வழி: தேய்ந்த வாஷரை உடனே மாற்றுங்கள். எங்கள் வீட்டில் அப்பாவின் அறுந்த ரப்பர் செருப்புதான் வாஷர். வட்டமாக வெட்டிப் போட்டால் ஒரு சொட்டு கசியாது. கசிய வேண்டுமென்றால் குழாயில் அழுத்தம் இருக்க வேண்டுமே!

அழுத்தம் இல்லாத ஊரில் தண்ணீர் மேலே ஏறாது. நாம்தான் கீழே இறங்க வேண்டும். எனவே ஒவ்வொரு வீட்டு முன்னாலும் ஒரு குழி, குழிக்குள் குழாய். இறங்கி, குடத்தை நிரப்பி, மேலே தூக்கி வைக்க வேண்டும். அம்மாவும் முத்துலட்சுமி அத்தையும் ஒரே நேரத்தில் இறங்கினால், தெருமட்டத்தில் இரண்டு தலைகள் மட்டும் தெரியும். அந்தத் தலைகள் பேசாத விஷயமே கிடையாது.

ஒரு கோடையில் அப்பா எங்கள் குழியை இன்னும் ஓரடி ஆழமாக்கினார். எங்களுக்குத் தண்ணீர் கொட்டியது. அத்தை வீட்டில் நின்றுபோனது. மறுவாரம் அத்தை வீட்டில் கடப்பாரைச் சத்தம். இப்போது எங்களுக்கு நின்றது. அப்பா மறுபடியும் இறங்கினார். நீரியல் பாடத்தில் இந்தப் போரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

"ஏன் மதினி, இன்னும் ரெண்டு போடு போட்டா தாமிரபரணியே நேரா உங்க வீட்டுக்கு வந்துரும்லா!" என்றார் அத்தை.

"வந்தா சொல்லுதேன் மதினி, குளிக்க வாங்க" என்றாள் அம்மா.

அதுவரை இருவரும் 'ஏட்டி' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். இந்த மரியாதையைக் கேட்டதுமே தெரு விஷயத்தைப் புரிந்துகொண்டது. அதற்கப்புறம் அந்த மரியாதைப் பேச்சும் நின்றது.

அந்த நேரத்தில்தான் அக்காவுக்கு வளைகாப்பு. இடைசெவலிலிருந்தும் கயத்தாறிலிருந்தும் சொந்தம் முழுக்க வருகிறது. முந்தின நாள் ராத்திரி கோடைமழை. கரிசல் மண் காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் உப்பும். எங்கள் குழியின் சுவர் சரிந்து, குழாயை ஒடித்து, உள்ளே கறுப்புக் கூழாக நின்றது. (வீடு கட்டுகிறவர்களே, கரிசலில் குழாய் பதித்தால் சுற்றிலும் மணல் நிரப்புங்கள். அந்தப் பத்து வழிகளில் இது இல்லை.)

காலையில் எதிர்க்குழியில் 'புஸ்' என்றது. அம்மா வெறுங்குடத்தோடு எங்கள் வாசலிலேயே நின்றாள்.

"போய்க் கேளேன்" என்றார் அப்பா.

"நீங்கதான தோண்டுனிய? நீங்களே போய்க் கேளுங்க."

அப்பா செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

எதிர்க்குழியிலிருந்து ஒரு நிறைகுடம் மட்டும் எழுந்தது. தள்ளாடியது. மறுபடி உள்ளே அமிழ்ந்தது. மீண்டும் எழுந்தது, மீண்டும் அமிழ்ந்தது. அத்தையின் தலையைக் காணோம். எங்களை ஜெயிக்க அவ்வளவு ஆழம் தோண்டியிருந்தார். ஜெயித்த தண்ணீரை மேலேற்ற எட்டவில்லை.

அம்மா தெருவைக் கடந்துபோய், குனிந்து, குடத்தைப் பிடித்தாள்.

"யாரு?" என்றது குழி.

"நாந்தான்."

"ஏட்டி, புள்ளத்தாச்சிய வீட்ல வச்சிக்கிட்டு இவ்ளோ நேரம் என்ன வேடிக்க பாக்க? ஒன் கொடத்தக் கீழ விடு."

"விடுதேன். இம்புட்டு ஆழம் தோண்டுனியே, ஏறத் தெரியுமாட்டி?"

"தெரிஞ்சா ஒங்கூட எதுக்குப் பேசுதேன்?"

வளைகாப்பு நடந்தது. எங்கள் குழியை அப்படியே மூடிவிட்டோம். பிறகு பல வருஷம் இரண்டு வீட்டுக்கும் அந்த ஒரே குழிதான். ஒருத்தி உள்ளே, ஒருத்தி மேலே.

அப்புறம் புதுக் குழாய் பதித்தார்கள். தண்ணீர் ஒழுங்காக வந்தது. இரண்டு வீட்டிலும் தரைத்தொட்டி, மாடித்தொட்டி, மோட்டார். வரைபடம் போட்டது நான்தான். பிழையில்லாத வரைபடம். யாருக்கும் யாரும் குடம் பிடிக்க வேண்டாம். அத்தை வீட்டுக் குழிமேல் டைல்ஸ் ஒட்டி ஸ்கூட்டர் நிறுத்தியிருக்கிறார்கள்.

சாயங்காலம் அத்தை வீட்டு மாடித்தொட்டி நிரம்பி வழிந்து அந்த ஸ்கூட்டரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தது. அம்மா வாசலுக்கு வந்து பார்த்தாள். 'ஏட்டி' என்று ஒரு சத்தம் போட்டால் போதும். நான் காத்திருந்தேன். அம்மா கண்ணாடியை மாட்டி, காலையில் வந்த செய்தியைத் தேடி எடுத்து, அதில் ஏழாவது வழியை மட்டும் அத்தைக்குத் திருப்பி அனுப்பினாள்: 'தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தவும்.'

கும்பிடும் கை ஒன்று பதிலாக வந்தது. கொஞ்சநேரம் கழித்து மோட்டார் நின்றது. யாரும் வெளியே வரவில்லை.