உண்ணி தேடப் போய்ப் பால் கறந்தது

மாட்டின் காது மடலுக்குள்ளும் மடியை ஒட்டிய மடிப்புகளிலும் பற்றிக்கொண்டு இரத்தம் குடிக்கும் உண்ணிகளைத் தேடிப் பொறுக்குவதே என் தொழில். கால்நடை மருத்துவம் படித்த நான், நோயுற்ற மாட்டுக்கு ஊசி போடுவதைக் காட்டிலும், நன்றாக நிற்கிற மாட்டின் மேல் ஊரும் சிற்றுயிரை இடுக்கியால் எடுத்துக் குப்பியில் அடைப்பதிலேயே பெரும்பொழுதைக் கழிக்கிறேன். அவ்வுண்ணிக்குள் எந்தெந்த நோய்க்கிருமிகள் குடியிருக்கின்றன, அவை மாட்டைக் கடந்து மனிதரையும் தொடுகின்றனவா என்று அறிவதே எங்கள் ஆய்வு.

உத்திரமேரூரை அடுத்து, ஏரிக்கரையோடு ஒட்டிய ஒரு தெருவுக்குப் போவதாக இருந்தேன். மாடுகளைப் பார்க்க வருவதாக முதல்நாளே பால் சொசைட்டியில் சொல்லிவைத்தேன். அந்த முன்னறிவிப்பே வினையாயிற்று. மறுநாள் பிற்பகல் நான் போய் இறங்கியபோது, மாடுகளெல்லாம் ஏரியில் குளித்து, வைக்கோலால் உடம்பு தேய்க்கப்பெற்று, நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் துலங்க வரிசையாக நின்றிருந்தன. ஒரு காதிலும் ஓர் உண்ணி இல்லை.

“இன்னா சார், மொகம் சுண்டிப்போச்சி? சுத்தமாத்தான கீது?” என்றார் முதல் வீட்டு அம்மாள்.

“எனக்கு உண்ணிதாம்மா வேணும். அதுக்குத்தான் வந்தேன்.”

“அடக் கஷ்டகாலமே! காலைலேர்ந்து குந்திக்கினு அல்லாத்தையும் பொறுக்கி நெருப்புல போட்டமே! டாக்டரு வரச்சொல்ல மாட்ட அழுக்கோட காட்டுவாங்களா யாராச்சும்?” என்றவர், தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: “ஏமே, இந்த சாரு உண்ணியப் பொண்ணு பாக்க வந்துகீறாரு!”

தெரு முழுவதும் சிரித்தது, நானும் சிரித்தேன். அப்போதுதான் கடைசி வீட்டுக் கொட்டகையில் குளிக்காத பசு ஒன்று என் கண்ணில் பட்டது. முதல் வீட்டு அம்மாள் விரைந்து வந்து அதை மறைத்துக்கொண்டு நின்றார்.

“அத்த வுடுங்க சார். அதும் சொந்தக்காரி காச்சல்ல பட்துங்கெடக்கறா. மாடு கழுவ ஆளில்ல.”

அதன் காது மடலைத் திருப்பினேன். ஆமணக்கு விதைகளைக் கொட்டி ஒட்டியது போலக் கொத்துக் கொத்தாக உண்ணிகள். அந்த அம்மாள் காய்ச்சல் என்று சொன்னதை எண்ணி, எடுத்த இடுக்கியைத் தாழ்த்தினேன்.

“எத்தனை நாளா காய்ச்சல்?”

“ஒரு வாரம் ஆவப்போவுது. மாத்திர துன்னா எறங்குது, அப்பறம் ஏறிக்குது.”

வீட்டின் வாயிற்படிக்கு உட்புறம் பாயில் கிடந்தார் பசுவுக்கு உரியவர். நாற்பதைத் தாண்டாத பெண், கண்கள் சிவந்திருந்தன. கையைக் காட்டச் சொன்னேன். உள்ளங்கையில் செம்புள்ளிகள், உள்ளங்காலிலும் அவ்வாறே.

“உண்ணிய எப்படி எடுப்பீங்க?”

“இப்டிப் புடுங்கி, இப்டி நசுக்குவேன்” என்று இரண்டு கட்டை விரல் நகங்களையும் ஒன்றோடொன்று அழுத்திக் காட்டினார்.

“இத ஆஸ்பத்திரில சொன்னீங்களா?”

“காச்சல்னு சொன்னேன். உண்ணி நசுக்கனதப் போயி டாக்டராண்ட சொல்வாங்களா? சிரிக்கமாட்டாங்க?”

நான் மாட்டு மருத்துவன். மனிதருக்கு மருந்து கொடுக்க எனக்கு உரிமையில்லை. ஆனால் நசுங்கிய உண்ணியிலிருந்து விரல்வழியே ஏறும் இக்காய்ச்சல், உரிய மருந்து கிடைத்தால் விரைவில் தணியும் என்பதும், நாள் கடந்தால் உயிருக்கே உலை வைக்கும் என்பதும் எனக்குத் தெரியும். அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும் என்றேன்.

“பொயுது சாயச்சொல்ல பால் யாரு கறப்பா? காச்சலோட நான்தான் எய்ந்து கறந்துக்கினு கீறேன். கறக்காம வுட்டா மடி கட்டிக்கும் சார்.”

“நான் கறக்கறேன்மே, நீ கெளம்பு” என்றார் கதவோரம் நின்ற அவர் கணவர்.

“கறந்த! போன தபா ஒதச்சி முன்பல்லு போனது மறந்துபோச்சா?”

முதல் வீட்டு அம்மாள் எனக்கு விளக்கினார்: “இவ சேலயக் கட்டிக்கினுதான் போனாரு சார். பீடி நாத்தம் காட்டிக்குட்துடுச்சி.”

கறக்கிறவர் ஊரில் இல்லாதபோது, வேறொருவர் அவர் உடுத்திக் களைந்த சேலையைச் சுற்றிக்கொண்டு மடியருகே அமர்வது இப்பகுதியில் வழக்கம். பழகிய வாடை பட்டால் பசு அடங்கி நின்று பாலை இறக்கும். ஆனால் அந்நேரத்தில் தெருவார் ஒவ்வொருவருக்கும் தத்தம் மாடு இருந்தது. முதல் வீட்டு அம்மாளோ நோயாளியோடு துணைக்குப் போகவேண்டியவர்.

“எனக்குப் பீடிப் பழக்கம் இல்ல” என்றேன்.

நோயாளி தலையை உயர்த்திப் பார்த்தார். “டாக்டரு சேல கட்டிக்கினா? ஊரு சிரிக்கும் சார்.”

“சிரிக்கட்டும். நீங்க அங்க போய் உண்ணி நசுக்கினதச் சொல்லுங்க. அவங்களும் சிரிச்சா சிரிக்கட்டும்.”

அவர் பாயிலிருந்து எழுந்திருக்கக் கணவரிடம் கையை நீட்டினார்.

ஷேர் ஆட்டோ புறப்பட்டதும், கொடியில் கிடந்த அவருடைய பழைய சேலையை எடுத்து மடிப்பு மடிப்பாக விரித்து உண்ணி இருக்கிறதா என்று பார்த்தேன். தொழில் தந்த பழக்கம் அது. “இன்னா சார், ஜரிக தேடறீங்களா? அது சாதா சேலதான்” என்றார் கணவர். தலைமுதல் முழங்கால்வரை சுற்றிக்கொண்டு அமர்ந்தேன். பால் கறப்பதைக் கல்லூரியில் தேர்வுக்காகப் பயின்றதோடு சரி. பசு திரும்பி என்னை மோந்தது, நெடுநேரம் ஐயுற்றது. கன்று இரண்டு முறை முட்டியபின், ஒருவாறு இரக்கங்கொண்டு பாலை இறக்கியது. வேலி முழுவதும் தலைகள்.

அன்றிரவு வந்த செய்தி நன்றாக இல்லை. உண்ணி நசுக்கியதைச் சொன்னதும் மருந்தை மாற்றிவிட்டார்கள், ஆனால் காய்ச்சல் தணியவில்லை, பேசவும் மாட்டாமல் கிடக்கிறார் என்று துணைக்குப் போன அம்மாள் சொன்னார். மறுநாள் இரு வேளையும் நானே கறந்தேன். கணவர் மருத்துவமனைக்கும் கொட்டகைக்குமாக அலைந்தார்.

அதற்கடுத்த நாள் மாலை, நான் பாதி கறந்துகொண்டிருந்தபோது கணவரின் கைப்பேசி ஒலித்தது. காதில் வைத்துக் கேட்டவர், அதைப் பால் செம்பின் அருகே நீட்டினார். செம்பில் பால் விழும் ஓசை மட்டும் சிறிது நேரம் இருந்தது. பின்னர்க் கைப்பேசிக்குள்ளிருந்து குரல் பாய்ந்தது.

“யாரது, பைப்பத் தொறந்துவுட்டா மாரி பீச்சறது? காம்பு இன்னாத்துக்கு ஆவும்? மெதுவாக் கறக்கச் சொல்லுய்யா! நீ இன்னா வாயப் பொளந்துக்கினு நிக்கிற? கன்னுக்குட்டிக்கு வுட்டியா இல்லியா?”

வசை நீண்டுகொண்டே போயிற்று. கணவர் கைப்பேசியைக் காதுக்குச் சற்று எட்டப் பிடித்தபடி, இல்லாத முன்பல் தெரியச் சிரித்தார்.

“திட்றா சார்” என்றார். “காச்சல் வுட்டுப்போச்சி.”