சந்தையில் தங்கச்சியின் கடை

யாழ்ப்பாணத்து ஆளைக் கட்டிக்கொண்டாள் என்பதற்காக என் தங்கச்சியோடு ஒன்பது வருடம் நான் பேசவில்லை. நாங்கள் மலையகத்துக்காரர்கள்; புசல்லாவையில் அம்மா இறந்தபோது அவளால் பிரான்சிலிருந்து வர முடியவில்லை. அதன் பிறகுதான் அவளுக்குப் போன் எடுத்தேன். போன வருடம் கண்டியில் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு அவளைப் பார்க்கப் போனேன்.

பிரான்சில் அவள் இருப்பது வயல்களுக்கு நடுவே ஒரு பழைய ஊர். சனிக்கிழமைகளில் சந்தை. பல நூறு வருடப் பழமையான மரக்கூரையின் கீழ், சீஸ் விற்பவருக்குப் பக்கத்தில், அவளும் கணவரும் மீனும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுருட்டிய ரோல்ஸ் பொரித்து விற்றார்கள்.

"அண்ணை, கதிரை கிடக்கு, இருங்கோ" என்றார் அவர். நான் உட்கார்ந்தேன். வந்து மூன்று நாளாகியும் நானாக அவரோடு பேச்சுக் கொடுக்கவில்லை.

ரோல்ஸ் வாங்க வந்த ஒரு வயதான பெண் என்னைக் காட்டித் தங்கச்சியிடம் ஏதோ கேட்டாள்.

"என்ன கேக்குறாங்க?" என்றேன்.

"அண்ணன் எண்டு சொன்னனான். இவ்வளவு நாளும் எங்க இருந்தவர் எண்டு கேக்கிறா."

"நீ என்ன சொன்ன?"

அவள் கொஞ்ச நேரம் ரோல்ஸை அடுக்கினாள். பிறகு யாழ்ப்பாணப் பேச்சை விட்டு எங்கள் வீட்டுத் தமிழில், "தூரம், வர முடியலன்னு சொன்னேன்" என்றாள்.

நான் எழுந்து கடதாசியில் ரோல்ஸைச் சுற்றிக் கொடுக்கத் தொடங்கினேன். கூட்டம் கூடியது.

"எண்ணெய் பத்துமா?" என்று அவள் கணவரிடம் கேட்டேன்.

"ஓம் அண்ணை, காணும்."

நானாக அவரிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.