நான் கொழும்புக்குப் போய்ச் சொன்னது

நாரியில், அடிமுதுகில், நோவோடு இருந்த ஒரு வேகப்பந்து வீச்சாளனை நான் பந்து வீச வைத்தேன். வைத்தியர் மறித்திருந்தது எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

அவன் ஊர்காவற்றுறைக் கடற்றொழிலாளி ஒருவரின் மகன். என்னிடம் கணிதம் படித்தவன். கொழும்புக் கழகம் ஒன்று அவனைச் சம்பளத்துக்கு எடுத்திருந்தது. எங்கள் ஊரிலிருந்து அப்படிப் போனவன் அவன் ஒருவன்தான். கோயில் பெருநாளுக்கு லீவில் வந்திருந்தான். பெருநாளுக்கு மறுநாள் அயலூரான புளியங்கூடலோடு எங்களுக்கு ஆட்டம். ஊர் அணிக்குப் பொறுப்பு நான்.

"ஏலாது சேர். நாரி விறைச்சுப்போய்க் கிடக்கு. கழகமும் வெளியிலை விளையாட விடாது."

"கொழும்புக்கெண்டால் ஓடுவீர். ஊருக்கெண்டால் நோகுதோ?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். "அண்ணைக்கு எங்கடை பந்து இப்ப பாரமாம்" என்றான் ஒருவன். என் பழைய மாணவன் குனிந்து சப்பாத்தைக் கட்டினான்.

எங்கள் ஆடுகளம் சீமெந்து; மேலே தென்னந்தும்புப் பாய் விரிப்போம். புல்தரையில் பழகியவன் அதில் காலை ஓங்கி ஊன்றினால் அடி நேரே முதுகுக்கு ஏறும். மூன்று விக்கெட் எடுத்தான். அடுத்த பந்துக்கு ஓடிவந்தவன் அதைக் கையிலிருந்து விடாமலே தரையில் குந்திவிட்டான். நாங்கள் வென்றோம். அவனுடைய முதுகெலும்பில் வெடிப்பு.

கொழும்பில் அவனுக்கு வைத்தியம் பார்த்தார்கள். அடுத்த பருவத்துக்கு வைத்திருப்பார்களோ, அனுப்பிவிடுவார்களோ என்ற யோசனையில் எனக்கு நித்திரை இல்லை. அவனிடம் ஒரு சொல் கேளாமல் பஸ் ஏறினேன். கழக மேலாளரின் முன்னால் இருந்து, பிழை முழுவதும் என்னுடையது, ஊர் ஆட்டத்தில் விளையாடும்படி கட்டாயப்படுத்தியது நான், அவனைக் கைவிட வேண்டாம் என்று நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன்.

"ஊர் ஆட்டத்திலா?" என்று அவர் ஒருமுறை கேட்டார். பிறகு மரியாதையாக வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

அந்தக் கிழமைக்குள்ளேயே ஒப்பந்தத்தை முறித்தார்கள். பயிற்சியில் வந்த நோ என்றுதான் அவன் அங்கே சொல்லியிருந்தானாம். அவர்களும் அதை நம்பி, குணமாகும் வரை காத்திருக்கச் சம்மதித்திருந்தார்களாம்.

ஊருக்கு வந்துவிட்டான் என்று அறிந்து வீட்டுக்குப் போனேன். தாய் நான் இருக்கக் கதிரையைத் துடைத்துப் போட்டார். அவன் படுத்தபடியே கேட்டான்.

"உங்களை ஆர் சேர் அங்கை போகச் சொன்னது?"

"உமக்கு நல்லதெண்டு நினைச்சன்."

"ஓம். ஆட்டத்தண்டைக்கும் அப்பிடித்தானே." சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

தாய் தேத்தண்ணி கொண்டுவந்து, "ஆறமுதல் குடியுங்கோ சேர்" என்றார். குடிக்கவும் முடியவில்லை. வைத்துவிட்டு எழும்பவும் தெரியவில்லை.