தறிவீக்கம்

மேலப்பாளையத்துக் குழித்தறிக்காரர்களுக்கு விதைக்கொட்டை வீங்குவது ஒரு புதுமையில்லை. ஈரக் குழிக்குள் நாள்முழுக்கக் காலைத் தொங்கவிட்டு இருக்கிறவனுக்கு அது வரத்தான் செய்யும் என்பார்கள். தறிவீக்கம் என்று பெயரும் வைத்திருந்தார்கள். புகையிலையை வாட்டிக் கட்டினால் போதும். வெளியே மூச்சு விடக் கூடாது.

அசன் மைதீனும் அப்படித்தான் கட்டினார். நோன்புக்கு முன்னே புளியங்கொட்டை போல இருந்த கட்டி, ஹஜ்ஜுப் பெருநாளுக்குள் கொட்டைப்பாக்கு அளவாகிவிட்டது. கல் மாதிரி இருந்தது; வலி மட்டும் இல்லை. அண்ணன் பீர் மைதீனிடம்தான் சொன்னார்.

"வலி இல்லையில்லா, பொறவு என்னலே? வாப்பாவுக்கும் இருந்துச்சு. பைய வத்திரும்."

ஆஸ்பத்திரி என்ற பேச்சை எடுத்தபோதெல்லாம் அண்ணன் மறித்தார். அங்கே போய் வேட்டியை அவிழ்த்துக் காட்டினான் என்று ஊருக்குத் தெரிந்தால், தம் மகளுக்குப் பேசிவரும் சம்பந்தம் கலைந்துபோகுமாம்.

ஒருநாள் கட்டு மாற்றும்போது மனைவி ஜுபைதா பீவி பார்த்துவிட்டாள். அவள் அழவில்லை. மறுநாள் காலையில் வில்வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, "ஏறுங்க" என்றாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சன்னலை அடைக்கச் சொல்லி, விளக்கை விதைக்குப் பின்னால் பிடித்துப் பார்த்தார். நீர் கோத்திருந்தால் வெளிச்சம் சிவப்பாய் ஊடுருவி வருமாம். அசன் மைதீனும் குனிந்து பார்த்தார். கட்டி இருந்த இடம் இருட்டாகவே இருந்தது. நீரில்லை, புற்றாக இருக்கும், அந்த விதையையே எடுத்தாக வேண்டும், வயிற்றுக்குள் பரவியிருக்கிறதா என்று இப்போது சொல்வதற்கில்லை, நாளைக்கே வந்து படுக்கட்டும் என்றார் டாக்டர். ஆரம்பத்திலேயே வந்திருந்தால் இவ்வளவு பயமில்லை என்றும் சொன்னார். வண்டியில் திரும்பும் வழியெல்லாம் அந்த ஒரு சொல்லையே அசன் மைதீன் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார்.

தெருவில் பாவு நூலை நீள விரித்து, இருபுறமும் ஆண்கள் நின்று கஞ்சி தடவிக்கொண்டிருந்தார்கள். "என்ன அசன், முட்டை பொரிஞ்சிட்டா?" என்றான் ஒருவன், அவர் இறங்கி நடந்த நடையைப் பார்த்து. எல்லாரும் சிரித்தார்கள். பீர் மைதீன் கண்ணாலேயே உள்ளே போகச் சொன்னார்.

அசன் மைதீன் போகவில்லை. தனக்கு விதையில் கட்டி என்றும், வெட்டி எடுக்கப் போகிறார்கள் என்றும், பிழைப்பது நிச்சயமா என்று டாக்டருக்கே தெரியவில்லை என்றும் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

"மெல்லப் பேசுலே. சம்பந்தக்காரங்க காதுல விழும்" என்றார் அண்ணன்.

"விழட்டும். வாப்பா எதுல மௌத்தானாரு காக்கா? குச்சியா மெலிஞ்சு, இருமி இருமிச் செத்தாரே, அவருக்கு வத்திரிச்சா? தறிவீக்கமாம். இந்தப் பேரைச் சொல்லியே எத்தனை பேரைப் பொதச்சிருக்கோம்?"

கஞ்சி தடவிய கைகள் நின்றுவிட்டன. அசன் மைதீன் இடுப்பிலிருந்த புகையிலைக் கட்டை உருவி, அண்ணன் காலடியில் வீசிவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் வண்டி கிளம்பும்போது பீர் மைதீன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். தம்பியின் முகத்தைப் பார்க்காமல், தணிந்த குரலில் கேட்டார்.

"அந்த வெளக்கு பிடிக்கும்போது வலிக்குமாலே?"

அசன் மைதீனுக்குக் கோபம் ஆறவில்லை. அண்ணனும் இதே கட்டியை எத்தனை நாளாக மறைத்திருக்கிறார் என்று நினைக்க நினைக்க அது கூடத்தான் செய்தது.

"வலிக்காது" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "ஏறும்."