கை தூக்கிக் கொடுத்த கோயில்

எங்கள் அக்கா செலண்டார் பக்கத்து ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். அம்மா போன பிறகு பால்மரம் வெட்டி, பால் சேகரித்து என்னை ஆளாக்கியவர். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். இன்று ஜாசினில் என் பெயர் எழுதிய லோரிகள் ஓடுகின்றன. யாரிடமும் கைகட்டி நின்றதில்லை. அப்படிப்பட்ட நான் பயந்துபோய் இதை எழுதுகிறேன்.

அக்காவுக்குப் பிள்ளை இல்லை. ஒரு சீனக் குடும்பம் கொடுத்த பெண் குழந்தையை வாங்கி, கோதை என்று பெயரிட்டு வளர்த்தார். கோதைக்குத் தெரிந்த பாஷை தமிழ். தெரிந்த சாமி நம் தோட்டத்து மாரியம்மன். வருடம் தவறாமல் பால்குடம் எடுத்தவள்.

கோயில் ஆண்டுக் கூட்டம் காலை பத்துக்கு. சாப்பாடு ஒரு மணிக்கு. நம் சனங்கள் சாப்பாட்டுக்குத்தான் வருவார்கள். 'நம் ரத்தம் மட்டும்' என்று பேசுகிற சிலர், ஒரு வேன் ஆட்கள்தான், பத்துக்கே வந்து முன்வரிசையில் உட்காருவார்கள். தலைவரும் செயலாளரும் முறைத்துக்கொண்டபோது, ஒருவரை ஒருவர் கவிழ்க்க இருவருமே அவர்களை நிர்வாகக் குழுவுக்குக் கூப்பிட்டார்கள்.

"சும்மா ஒரு சீட்டுதான்லா. நம்ம கைக்குள்ளதான் இருப்பானுங்க" என்றார் தலைவர்.

அடுத்த வருடம் தலைவரே வெளியே, அவர்களில் ஒருவன் தலைவன். பிறகு தீர்மானம் வந்தது: இந்தியராய்ப் பிறந்தவர்களுக்கு மட்டுமே உறுப்பினர் உரிமையும் பால்குடமும்.

அக்கா எழுந்தார். "ஏன் தம்பி, என் மக சாமி கும்பிட நீ பெர்மிட் குடுப்பியா?"

"உங்கள சொல்லல அத்தை. ரூல்ஸ் எல்லாருக்கும் ஒண்ணுதானே" என்றான் புதுத் தலைவன்.

"அப்ப நான் செத்தா கொள்ளி யாரு வைப்பா, நீயா?"

முன்வரிசை சிரித்தது. சிரித்தபடியே கை தூக்கியது. பின்னால் சாம்பார் வாசனைக்குக் காத்திருந்தவர்களும், சீக்கிரம் முடியட்டும் என்று தூக்கினார்கள். எல்லாம் சட்டப்படிதான்.

அக்கா அதன்பின் கோயில் வாசலை மிதிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசியாக என் கையைப் பிடித்து, "கோதைய யாரும் தள்ளிடாம பாத்துக்கடா" என்றார். கொள்ளி வைத்தது கோதைதான். தடுக்க வந்தவர்கள் பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்துத் திரும்பிப் போனார்கள். ஆனால் நான் எத்தனை நாளைக்கு நிற்பேன்?

அதே ஆட்கள் இப்போது சட்டமன்றத் தேர்தலுக்கு நிற்கப் போகிறார்களாம். பெரிய கட்சிகள் இரண்டும் அவர்களைத் தேநீருக்குக் கூப்பிடுகின்றன. 'சும்மா ஒரு சீட்டுதான்லா' என்ற குரல் என்னைத் தூங்க விடுவதில்லை.

அக்காவைச் சுமந்த அலோர் காஜா மாமன் பிள்ளைகளுக்கும், சமைத்துப் போட்ட லயத்துத் தாய்மார்களுக்கும் கோதையும் நானும் கடமைப்பட்டிருக்கிறோம். இன்னும் ஓர் உதவி வேண்டும். வருடத் திதிக்கு அடுத்த ஞாயிறு கோயில் கூட்டம். அந்தத் தீர்மானத்தை நீக்கக் கேட்டிருக்கிறேன். பத்து மணிக்கே வந்து உட்காருங்கள். சாப்பாடு என் செலவு. கை தூக்கி முடிந்த பிறகுதான் அடுப்பு பற்றவைக்கச் சொல்லியிருக்கிறேன்.