கிளைடர் மூக்கில் சந்தனப் பொட்டு

கல்லூரி கேடட் பிள்ளைகளுக்குப் பறக்கச் சொல்லிக்கொடுத்த கிளைடரை முனி அடித்துவிட்டதாக மேலூர் டீக்கடையில் பேச்சு. எஞ்சினே இல்லாத விமானத்தின் மேல் முனிக்கு என்ன கோபம் என்று விசாரிக்கப் போனேன்.

கருவேலம் மண்டிய மைதானத்தில் காசிமாயன் இருந்தார். மறுகோடியில் வின்ச் என்ற இழுவை எந்திரத்தை ஓட்டி, கம்பிவடத்தைச் சுற்றி, கிளைடரைப் பட்டம்போல் மேலே ஏற்றிவிடுவது இருபத்திரண்டு வருடமாக அவர் வேலை.

"முனியுமில்ல, கினியுமில்ல. நாந்தேன். ஒரு புள்ளைக்குக் கடன்பட்டு நிக்கிறேன்" என்றார்.

மூன்று வருடத்துக்கு முந்தைய ஆயுதபூஜை. ஜீப்புக்கும் வின்ச்சுக்கும் பொட்டு வைத்த அவர் கை, கிளைடரின் மூக்கு நுனியிலும் தாராளமாக வைத்தது. அங்கே ஒரு சின்னத் துளை; அதில் காற்று புகுந்தால்தான் வேகமுள் நகரும். சந்தனம் காய்ந்து துளையை அடைத்துக்கொண்டது. மறுநாள் சோதித்துப் பார்த்த பயிற்சியாளர் பொட்டைத் துடைக்கவில்லை. தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மேலே போனதும் முள் பூஜ்யத்தில் நின்றது. வேகம் தெரியாமல் இறங்கியதில் மைதானத்தைத் தாண்டிப் போய்ப் பனையில் மோதி இறக்கை ஒடிந்தது. உள்ளே இருந்த இருவரும் சிராய்ப்போடு தப்பினார்கள்.

காசிமாயன் அதிகாரி சாம்பசிவத்திடம் உண்மையைச் சொன்னார்.

"அண்ணே, சந்தனம்னு எழுதுனா சூடம் காட்டுனது யாருன்னு கேப்பாங்க. நாந்தானே காட்டுனேன்? பேசாம இருங்க" என்றாராம் சாம்பசிவம்.

அறிக்கையில் பழியை ஒரு கழுகு ஏற்றுக்கொண்டது. பழுதுபார்க்க அனுமதி கேட்டுப் போன கோப்பு திரும்பவில்லை. கிளைடர் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது.

கிளைடர் கிளம்பும்போது இறக்கை சாயாமல் நுனியைப் பிடித்து ஒருவர் கூடவே ஓட வேண்டும். ஓடியவருக்கு அடுத்துப் பறக்கும் முறை. அது மைதானத்து வழக்கம். அன்றைக்கு ஓடியவள் திருவாதவூர் ரோகிணி. அதுவரை ஒருதரம்கூடப் பறந்ததில்லை. இப்போது படிப்பு முடிந்து, சீருடையைத் திருப்பிக் கொடுத்து, மேலூரில் செல்போன் கடையில் நிற்கிறாள். கிளைடரே எழுந்து வந்தாலும் இனி அவளை ஏற்ற விதி இல்லை.

ரீசார்ஜுக்குப் போனால் சிரித்துக்கொண்டே கேட்பாளாம்: "என்னண்ணே, ஓடுனதுக்கு ஒரு ரவுண்டு பாக்கி இருக்குல்ல?"

"இருக்கு தாயி. இல்லேங்கல."

சந்தனத்தைப் பற்றி அவளிடம் சொன்னீர்களா என்று கேட்டேன்.

"எம்புட்டோ தடவ வாய் வரைக்கும் வந்துச்சு. நீங்களே எழுதிருங்க. படிச்சிட்டு வந்து வையட்டும்."

எழுதிவிட்டேன். வைதாலும் அந்த ஒரு ரவுண்டு பாக்கிதான்.