சுவருக்கு அந்தப் பக்கம்

சனிக்கிழமை காலைகளில் என் வகுப்புக்கு வருகிறவர்களிடம் முதலில் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, வாங்க ஆசைப்படும் வீட்டை வரையச் சொல்வேன். அமெரிக்காவில், கிளீவ்லாந்தில் வருமானம் குறைந்தவர்கள் சொந்த வீடு வாங்க உதவும் ஒரு தொண்டு நிறுவனத்தில் எனக்கு வேலை. வங்கிக் கடன், காப்பீடு, வீட்டைச் சோதித்துப் பார்ப்பது என்று வாரம் ஒரு பாடம். பாடம் நடத்த ஆள் பிடிப்பது, நாற்காலி போடுவது, காபி கலப்பது, நடத்த வேண்டியவர் வராவிட்டால் நானே எழுந்து நின்று நடத்துவது எல்லாம் என் தலையில். பஸ் ஓட்டுகிறவர், ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிறவர், பிள்ளைகளோடு தனியாக இருக்கும் பெண் என்று யார் வரைந்தாலும் தாளில் வருவது ஒரே வீடுதான். கூம்புக் கூரை, புகைபோக்கி, சுற்றிலும் புல். பக்கத்தில் இன்னொரு வீடு இருக்காது. இத்தனை வருடம் பார்த்தும் எனக்கு அது விசித்திரமாகவே இருக்கிறது.

வேலையில் சேர்ந்த புதிதில் என் மேலதிகாரி லிண்டா என்னையும் வரையச் சொன்னார். தாளின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நீளமாக ஒரு கூரை போட்டு, அதன் கீழே வரிசையாகக் கதவுகள் வைத்தேன். லிண்டா உற்றுப் பார்த்துவிட்டு, "ரயிலா?" என்று கேட்டார். வீடு என்றேன். இதில் உன் வீடு எது என்றார். ஒரு கதவைக் காட்டினேன். "அப்படியானால் மற்றதை எல்லாம் எதற்கு வரைந்தாய்?" நல்ல மனுஷி, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். மற்றதை விட்டுவிட்டு என் வீட்டை மட்டும் எப்படி வரைவது என்று எனக்கும் புரியவில்லை. இரண்டு பேரும் சிரித்துவிட்டு காபி குடிக்கப் போனோம்.

கோலார் தங்கவயலில் வளர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சுரங்கத்தில் வேலை செய்தவர்களுக்குக் கம்பெனி கொடுத்த வீடுகளை லைன் என்போம். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள், இரண்டு வீட்டுக்கு நடுவே ஒற்றைச் சுவர். தங்கவயலின் கோரமண்டல் பகுதியில் எங்களுக்கும் கன்னியம்மா அத்தைக்கும் நடுவே அப்படி ஒரு சுவர் இருந்தது. சொந்தத்தில் அத்தை இல்லை, சுவர் வழியாக அத்தை. அவர்கள் வீட்டில் மிளகாய் வறுத்தால் எங்களுக்குத் தும்மல் வரும். இங்கே குழம்பு இறங்கிவிட்டால் அம்மா சுவரைத் தட்டுவாள், அங்கிருந்து கிண்ணம் வரும். ஆனால் சுவர் குழம்புக்காக மட்டும் இல்லை. பூமிக்கு அடியில் சில நேரம் பாறை வெடிக்கும். அதை ஏர்பிளாஸ்ட் என்போம். மேலே அடுக்கில் இருக்கும் பாத்திரங்கள் கிடுகிடுவென்று ஆடும். உடனே அம்மா கையில் இருப்பதைப் போட்டுவிட்டுச் சுவரைத் தட்டுவாள். அத்தை திருப்பித் தட்டிவிட்டு, தனக்கு அடுத்த சுவரைத் தட்டுவாள். அப்படியே லைன் கடைசிவரை போகும். கொஞ்ச நேரத்தில் எல்லாப் பெண்களும் ஒன்றாக, சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாப்டை நோக்கி நடப்பார்கள். கன்னியம்மா அத்தையின் வீட்டுக்காரர் மேலே வராமல் போன நாளில், அம்மாதான் அவளை இடுப்போடு அணைத்துப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தாள்.

அப்படிப்பட்ட சுவரின் மகளான நான் இங்கே வகுப்பில் என்ன சொல்லிக்கொடுக்கிறேன் தெரியுமா? வீடு பார்க்கப் போனால் சுவரில் காதை வையுங்கள், அந்தப் பக்கத்துச் சத்தம் கேட்டால் வாங்கும் முன் நன்றாக யோசியுங்கள் என்கிறேன். சொல்லும்போது வாய் கூசுகிறது. ஆனாலும் பாடத்தில் அப்படித்தான் இருக்கிறது.

சுரங்கத்தை மூடிய வருடம், 2001இல், விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். லைன் வீடுகள் இனி யாருக்கு என்று ஆளுக்கொரு சேதி சொல்லிக்கொண்டிருந்த நேரம். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் வீடு வாங்கக் கற்றுக்கொடுக்கிறவள், பெற்றவர்களை நடுத்தெருவில் விடுவதா என்று எனக்கு வீம்பு. பங்காருபேட்டையில் ஒரு தனி வீடு விலைக்கு வந்தது. நைனாவுக்கு, அப்பாவை நான் அப்படித்தான் கூப்பிடுவேன், வாயெல்லாம் பல். "கம்பெனியே இல்ல, கம்பெனி வூடு மட்டும் இன்னாத்துக்கு தேவி? என் பேர்ல ஒரு வூடு இருந்தா நிம்மதியா கண்ண மூடுவேன்" என்றார் என்னிடம். பல வருடம் கல்தூசியைத் தின்ற நெஞ்சு அவருக்கு. ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். அம்மா சேலை மாற்றிக்கொண்டு எங்களோடு ரயில் ஏறினாள்.

வீட்டுக்காரர் தெலுங்கில் பேச, நைனாவும் தெலுங்கிலேயே குசலம் விசாரித்துக்கொண்டிருந்தார். நான் என் வித்தையை எல்லாம் காட்டினேன். குழாயைத் திறந்தேன், கூரையில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்தேன், ஜன்னல்களை ஆட்டினேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை. அம்மா படுக்கையறைச் சுவரின் முன்னால் நின்று விரல் முட்டியால் தட்டிக்கொண்டிருந்தாள்.

"நல்ல செங்கல்மா. ஸ்ட்ராங்காத்தான் கீது" என்றேன்.

"அது தெரியுது. அந்தாண்ட யாரு கீறாங்க?"

"யாரும் இல்ல. வெறும் தோட்டம்தான்."

அம்மா கையை எடுத்துக்கொண்டாள். திரும்பும்போது ரயிலில் மூன்று பேரும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் சண்டை வெடித்தது. அந்த வீடு வேண்டாம் என்றாள் அம்மா. ஏன் என்று நான் கத்தினேன். "ஒங்க நைனாக்கு மூச்சு அடச்சா நான் எந்த செவுத்த தட்டுவேன், சொல்லு" என்றாள்.

"போன் வச்சிக் குடுக்கிறேன்மா."

"போன்ல யார கூப்புடறது? ஒன்னையா? நீ பிளேன் ஏறி வர்ற வரிக்கும் அந்த மனுசன் மூச்சப் புடிச்சிக்கினு இருப்பாரா?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் என்னைக் குத்திக் காட்டச் சொல்லவில்லை, நடப்பதைச் சொன்னாள். அதனால்தான் அப்படி வலித்தது. நைனா விடவில்லை. "நாளைக்கு கன்னியம்மாவும் புள்ளயோட பெங்களூர் போய்ட்டா இன்னா பண்ணுவே? பாதி லைன் காலியாகிக்கினு வருது" என்றார்.

அம்மா பதில் சொல்வதற்குள் சுவர் தடதடவென்று அதிர்ந்தது. "நான் எங்கியும் போவல!" என்று அந்தப் பக்கத்திலிருந்து அத்தையின் குரல். "அவன் கூப்ட்டான், மாட்டேன்னுட்டேன். மொதல்ல அந்தப் பொண்ணுக்கு சோத்தப் போடுங்க, ஊர்லருந்து வந்ததுலருந்து கத்திக்கினே கீது!"

நைனா சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல் போனது. அம்மா முதுகைத் தடவினாள். அவர் தண்ணீர் குடிக்கும் முன்பே கன்னியம்மா அத்தை வாசலில் நின்றாள், ஈரக் கையோடு. பங்காருபேட்டை வீட்டைப் பற்றி அதன்பிறகு நைனாவும் பேசவில்லை, நானும் பேசவில்லை. எனக்குக் கோபம் இருந்தது. லைன் வீடு அவர்களுக்கு இன்னும் எத்தனை நாள் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தக் கவலை இன்றும் இருக்கிறது. கோபத்துக்கு அடியில் அம்மாவின் சுவர் மேல் பொறாமையும் இருந்தது என்பதை விமானம் ஏறிய பிறகுதான் உணர்ந்தேன்.

இங்கே நான் இருப்பது அடுக்குமாடியில் ஒரு வாடகை வீடு. எங்களையெல்லாம் வாங்கச் சொல்கிறாய், நீ எப்போது வாங்கப்போகிறாய் என்று வகுப்பில் கிண்டல் செய்வார்கள். சிரித்து மழுப்பிவிடுவேன். போன மாதம் ஒரு மாலை, சமைத்துக்கொண்டிருந்தபோது பின்புறத் தண்டவாளத்தில் நீளமான சரக்கு ரயில் ஒன்று போனது. அலமாரியில் கோப்பைகள் கிடுகிடுவென்று ஆடின. கரண்டியைப் போட்டுவிட்டு நான் சுவரைத் தட்டியிருந்தேன். தட்டிய பிறகுதான் என்ன செய்தேன் என்பதே உறைத்தது. அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவியின் சத்தம் சட்டென்று குறைந்தது.

மறுநாள் லிப்டில் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்தேன். வயதானவர், தனியாக இருக்கிறார். தொந்தரவுக்கு மன்னிக்க வேண்டும் என்றார். தொந்தரவே இல்லை, சத்தமாகவே வையுங்கள் என்றேன். நான் மரியாதைக்குச் சொல்வதாக நினைத்து, இனி கவனமாக இருப்பேன் என்று தலையைத் தாழ்த்திக்கொண்டார். சொன்னபடியே இருக்கிறார். மாலைகளில் நான் வகுப்பில் சொல்லிக்கொடுப்பது போலவே சுவரில் காதை வைத்துப் பார்க்கிறேன். ஒன்றுமே கேட்பதில்லை. என் பாடத்தின்படி இது நல்ல வீடு.